மழையில் ஏறியவர் கேட்ட ஊர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. ஆக்லாந்தில் ஹென்டர்சன் பக்கம் நாங்கள் குடிவந்த புதிது. ஜூலை மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். இங்கே ஜூலை என்றால் குளிர்காலம். மழை பெய்கிறதா, விட்டுவிட்டதா என்றே சொல்ல முடியாதபடி நாள் முழுக்கத் தூறிக்கொண்டிருக்கும்.

அன்று த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு தோழிக்கு வளைகாப்பு. கணவரும் மகளும் நாற்காலி போட, பூ கட்ட என்று காலையிலேயே நண்பர் ஒருவரின் காரில் போய்விட்டார்கள். கலந்த சாதங்களில் புளியோதரை என் பொறுப்பு. கிளறி, எவர்சில்வர் தூக்கில் சூடாக அடைத்து, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நான் தனியாகக் காரை எடுத்தேன். லைசென்ஸ் வாங்கி அதிக நாள் ஆகவில்லை. ஃபோன் சொல்லும் வழியை விட்டு ஒரு தெரு விலகினாலும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும்.

கிளம்பும்போதே சங்கு ஊதியது. எங்கள் பக்கத்தில் மலையடிவாரத்தில் ஒரு தீயணைப்பு நிலையம் உண்டு. அதில் வேலை செய்பவர்கள் சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர்கள். எங்காவது தீ, விபத்து என்றால் அவர்களைக் கூப்பிடச் சங்கு ஊதுவார்கள். பழைய மில் சங்கு மாதிரி ஏறி ஏறி இறங்கும். யாருக்கு என்ன ஆச்சோ என்று நினைத்தபடியே ஓட்டினேன்.

கடைத்தெருவுக்கு முன்னால், சாலையைக் கடக்கப் போட்டிருக்கும் வரிக்கோட்டில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். எண்பதைத் தாண்டியிருப்பார். நல்ல கம்பளிக் கோட்டு, ஆனால் குடை இல்லை. அவர் கடக்கட்டும் என்று நிறுத்தினேன். அவர் கடக்கவில்லை. நேராக என் காரிடம் வந்தார், கதவைத் திறந்தார், பக்கத்து இருக்கையில் இருந்த தூக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் கவனித்தேன், காலில் வீட்டுக்குள் போடும் துணிச் செருப்பு, சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

 பின்னால் வந்த கார் ஹாரன் அடித்தது. இங்கே யாரும் லேசில் ஹாரன் அடிக்க மாட்டார்கள் என்பதால் அதுவே என்னைப் பதற்றப்படுத்தியது. வண்டியை நகர்த்தி, கொஞ்ச தூரம் தள்ளி ஓரமாக நிறுத்தினேன்.

அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் நான் படித்த ஆங்கிலமும் இல்லை, இந்த ஊர்க்காரர்கள் பேசும் ஆங்கிலமும் இல்லை. வார்த்தைகளின் பாதியை விழுங்கிவிட்டார். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் என்னை 'டக்' என்று கூப்பிட்டார். டக் என்றால் வாத்து. பட்டுப்புடவையில் நான் அப்படியா இருக்கிறேன் என்று ஒரு கணம் குழம்பிப் போனேன். திரும்பத் திரும்பக் கேட்டதில் இரண்டு வார்த்தைகள் மட்டும் பிடிபட்டன. 'பிட்' ஒன்று, 'கிட்' ஒன்று. 'சங்கு ஊதிடுச்சு, எங்க கிட் பிட்டுக்குள்ள இருக்கான்' என்பதுதான் சாராம்சம்.

பிட் என்றால் குழி. கிட் என்றால் குழந்தை. எனக்குத் தெரிந்த அர்த்தம் அவ்வளவுதான்.

 ஊரில் ஆழ்துளைக் கிணற்றில் குழந்தை விழுந்துவிட்டால் டிவி முன்னால் சாப்பாடு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து பார்க்கிற கூட்டத்தில் வளர்ந்தவள் நான். இவருடைய பேரப்பிள்ளை ஏதோ குழியில் விழுந்துவிட்டது, அதற்குத்தான் சங்கு ஊதியிருக்கிறது என்று மனசு தானாகவே முடிவு கட்டிவிட்டது. அவசர எண்ணுக்குச் சொல்லியாச்சா என்று கேட்டேன். எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் அங்கேதான் நிற்கிறார்கள், நான்தான் போய்ச் சேரவில்லை என்றார்.  தூக்கைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். அதைக் காட்டி, 'இது அவனோட ஸ்னாப்பா?' என்று கேட்டார். அது என்னவென்று புரியவில்லை. ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன்.

எங்கே போக வேண்டும் என்று கேட்டதற்கு ஒரு பெயர் சொன்னார். ஃபோனில் அந்தப் பெயரைத் தட்டினேன். உடனே வந்துவிட்டது. அதே பெயரில் ஒரு தெரு, நியூ லின் தாண்டி. பக்கம்தான். எனக்கு எவ்வளவு நிம்மதி.

வழியெல்லாம் அவரும் வழி சொல்லிக்கொண்டே வந்தார். ஃபோன் நேராகப் போகச் சொன்னால் அவர் இடது பக்கம் திரும்பச் சொன்னார். சின்ன சர்ச் ஒன்று வரும் என்றார், அதைத் தாண்டினால் பண்ணை, அப்புறம் ஓடை, ஓடைக்கு மேலே சக்கரம் தெரியும் என்றார். நான் பார்த்ததெல்லாம் டயர் கடை, பெட்ரோல் பங்க், மறுபடியும் டயர் கடை. இந்த ஊரில் எனக்குத் தெரியாத சந்து எத்தனையோ இருக்கும், இவர் ஏதோ குறுக்கு வழி சொல்கிறார், பிறகு ஏன் ஃபோன் வேறு சொல்கிறது? யாரை நம்புவது என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன்.

அந்தத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தோம். தீயணைப்பு வண்டி இல்லை, கூட்டம் இல்லை. மரவீடுகள், ஈரமான புல்தரை, கராஜ் வாசலில் கார் பானெட்டைத் திறந்து வைத்து வேலை பார்க்கும் ஒருவர். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி அவரிடம் கேட்டேன். குழந்தை குழியில் விழுந்துவிட்டதாமே, எந்த வீடு என்று. அவர் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார், அவர்கள் எதிர் வீட்டுக்குப் போனார்கள். எல்லார் பிள்ளைகளும் பத்திரமாகத்தான் இருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். 

காருக்குத் திரும்பினேன். பெரியவர் கண்ணாடி வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது இல்லை என்றார். கோபமாக இல்லை, தொலைந்துபோன பிள்ளையின் குரலில். 'சக்கரத்தை எங்க கொண்டுபோய் வெச்சாங்க?' என்று என்னைக் கேட்டார்.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. கார் ஸ்பீக்கரில் என் இன்னொரு தோழியின் குரல். அவள் யாழ்ப்பாணத்துக்காரி, முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். எங்க நிக்கிறீங்கள், எல்லாரும் உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கினம் என்று ஆரம்பித்தாள். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். 

"அவரோட வாதாடாதேங்கோ," என்றாள். "பிள்ளை ஒண்டும் விழேல்ல. அவருக்கு மறதி வருத்தமா, டிமென்ஷியாவா இருக்கும். மெல்லமாக் கதைச்சு, கையில வளையம் ஏதும் போட்டிருக்கோ எண்டு பாருங்கோ. அதில நம்பர் இருக்கும்."

அவரோ எங்கள் பேச்சையே கவனித்துக்கொண்டிருந்தார். தமிழ் அவருக்குப் புரிய வாய்ப்பே இல்லை. ஆனால் சங்கு ஊதிய நாளில் ஃபோனில் ஒரு பெண் அவசரமாகப் பேசினால் அது எதைப் பற்றியதாக இருக்கும்? என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொல்றாங்க? எங்க கிட் மேல வந்துட்டானா?"

அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. வாதாடாதே என்று ஃபோனில் ஒரு குரல். உண்மை என்னவென்று எனக்கே தெரியாது. அந்த 'கிட்' யார், அந்தக் குழி எது, எதுவும் தெரியாது.

"வந்துட்டான்," என்றேன். "மேல வந்துட்டான். நல்லா இருக்கானாம்."

அவர் பிடி தளர்ந்தது. இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு இழுத்து விடும் சத்தம் கார் முழுக்கக் கேட்டது. அப்போது கோட்டுக் கையை மெதுவாக விலக்கிப் பார்த்தேன். தோழி சொன்னபடியே ஒரு வளையம், அதில் ஒரு ஃபோன் நம்பர்.

அந்த நம்பருக்கு அடித்தேன், எடுத்தது அவருடைய மகள். சங்கு ஊதியதிலிருந்து தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருக்கிறாராம். சீக்கிரமே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும், மழையில் நனைந்த தலை. அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பெரியவர் மகளிடம் தூக்கை நீட்டினார். அவன் மேலே வந்துவிட்டான், இந்தப் பெண்ணுக்கு ஃபோனில் சேதி வந்தது, பசியோடு இருப்பான், இதைக் கொண்டுபோய்க் கொடு என்றார்.

மகளின் முகம் மாறியது. அவரைத் தன் காரில் உட்காரவைத்து ஹீட்டரைப் போட்டுவிட்டு என்னிடம் திரும்பி வந்தார். அப்படியா சொன்னீர்கள் என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று தெரியாமலே கேட்டேன்.

பிறகு மழையில் நின்றபடியே அவர் சொன்னதுதான் எல்லாவற்றையும் விளக்கியது. அப்பாவின் ஊர் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு குட்டிக் கிராமம். ஒரு பக்கம் வயல், ஆடு. இன்னொரு பக்கம் நிலக்கரிச் சுரங்கம். 'பிட்' என்பது அந்தச் சுரங்கம். சக்கரம் என்றது ஆட்களை ஏற்றி இறக்கும் கோபுரத்தின் உச்சியில் சுற்றுகிற சக்கரம். ஸ்னாப் என்றால் சுரங்கத்துக்குள் எடுத்துப் போகும் சாப்பாடு. அவர்கள் பக்கத்தில் 'எங்க கிட்' என்றால் குழந்தை இல்லை, தம்பி. அப்பாவுக்கு ஒரே தம்பி. அவன் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே கூரை இடிந்து விழுந்தது. சங்கு ஊதியதும் ஊரே மழையில் சுரங்க வாசலில் போய் நின்றது. தம்பி உயிரோடு மேலே வரவில்லை. அதன்பின் அப்பா சுரங்கத்துக்குள் கால் வைக்கவில்லை. கப்பல் ஏறி இங்கே வந்து தச்சு வேலை செய்து குடும்பத்தை வளர்த்தார். நினைவு நன்றாக இருந்த காலத்தில் தம்பி என்ற பேச்சையே எடுத்ததில்லையாம்.

மறதி வந்த பிறகு சங்கு ஊதினாலே கிளம்பிவிடுகிறாராம். நாங்கள் ஒவ்வொரு தடவையும் உண்மையைத்தான் சொல்கிறோம், அவன் இறந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது அப்பா என்று. ஒவ்வொரு தடவையும் அவர் அதை முதல்முறை கேட்பது போலக் கேட்டு அழுகிறார் என்றார் மகள். பொய் சொல்ல மனம் வரவில்லை, அது தம்பிக்குச் செய்கிற அவமரியாதை போலத் தோன்றியது என்றார்.  என்மேல் கோபமா, நன்றியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். காருக்குப் போய் அப்பாவிடம் குனிந்து, கொடுத்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னது கேட்டது. என் தூக்கோடு போய்விட்டார்கள். 'டக்' என்பது அவர்கள் ஊரில் கண்ணு, தங்கம் என்பது மாதிரி என்பதையும் போகும்போதுதான் சொன்னார்.

வளைகாப்புக்கு நான் போனபோது வளையல் அடுக்கி முடித்திருந்தார்கள். புளியோதரை எங்கே என்று கேட்டவர்களுக்கு நடந்ததைச் சொன்னேன். நர்ஸ் தோழி நான் செய்தது சரி என்றாள். என் கணவர் தலையைத் துவட்டத் துண்டு கொண்டுவந்தார். அங்கிருந்த ஒரு அம்மா, செத்தவரை உயிரோடிருக்கிறார் என்று சொல்லலாமா, நாளைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வா என்று கேட்டால் என்ன செய்வாய் என்றார். 

சில வாரங்கள் கழித்து அந்த மகள் ஃபோன் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தார். தூக்கைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். காபி கொடுத்தேன். அந்த வாரம் மறுபடியும் சங்கு ஊதியதாம். அப்பா கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் மகளுக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது. அவன் மேலே வந்துவிட்டான் அப்பா என்று சொல்லிவிட்டார்.  அடிபட்டிருக்கா என்று அப்பா கேட்டாராம்.

 மகள் டீ போடுகிறேன் என்று உள்ளே ஓடிவிட்டாராம். என் சமையலறையில் உட்கார்ந்து இதைச் சொல்லிவிட்டு, அடுத்த தடவை அப்படிக் கேட்டால் நான் என்ன சொல்லட்டும் என்று என்னைக் கேட்டார். சுரங்கமே பார்க்காத என்னை. அந்த ஊரின் பெயரைக்கூட ஆக்லாந்துத் தெரு என்று நினைத்த என்னை.

ஏதோ வாயில் வந்ததைச் சொன்னேன். "கரி அப்பியிருக்கு, குளிச்சிட்டு வர்றான்னு சொல்லுங்க."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் எழுந்து போய் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு அவராகவே சொன்னார். ஒருமுறை இங்கிலாந்து போனபோது அந்தக் கிராமத்தைப் போய்ப் பார்த்தாராம். சுரங்கம் மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கரிமேட்டின் மேல் மரம் வளர்ந்திருக்கிறது. சக்கரத்தில் பாதியை மட்டும் சாலையோரம் புல்லில் நட்டு வைத்திருக்கிறார்கள், சுற்றி ஆடுகள் மேய்கின்றன. அப்பா சொல்லும் ஊர் அங்கேயும் இல்லை என்றார்.

பெரியவர் போன வருடம் காலமானார். கடைசி வரை சங்கு ஊதும்போதெல்லாம் தம்பி குளித்துக்கொண்டுதான் இருந்தான் என்று மகள் எழுதியிருந்தார். அதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, ஏதோ உறுத்தலாகவும் இருந்தது. எதிரில் இருப்பவர் எந்த ஊரில், எந்த நாளில் நின்றுகொண்டு கேட்கிறார் என்பது தெரியாமலேயே நாம் பதில் சொல்லிவிடுகிறோம். அன்று நான் சொன்னது சரிதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் மறுபடி உட்கார்ந்தாலும் என் வாயில் அந்த ஒரு வார்த்தைதான் வரும்.