எதிர்மாடி டார்ச்

கடக், கடக்கடக், கடக். மாட்டுங்காவில் ஓர் ஓட்டல் வாசலில் தோசைக்கல்லின்மேல் கரண்டி தட்டுகிறது. எனக்குள் கடல் எழுந்து நிற்கிறது. சிக்னல் விளக்கின் தகடுகள் திறந்து மூடும் ஓசை அப்படியே இதுதான். வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டு வாய்மூடிப் போகும் கப்பல்கள் வெளிச்சத்தால் பேசிக்கொள்ளும். குட்டை மினுக்கல், நெட்டை மினுக்கல், அதற்குள் ஓர் எழுத்து. அந்தப் பேச்சைப் படிப்பது கடற்படையில் என் வேலை.

படிக்கிறவன் விளக்கிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. கண்ட எழுத்தை உரக்கச் சொல்ல வேண்டும். பின்னால் நிற்பவர் எழுதிக்கொள்வார். வாசகம் என்னவென்று யோசித்தால் அடுத்த எழுத்து தப்பிவிடும். அதனால் என்ன சொல்கிறோம் என்பது சொல்கிறவனுக்கே தெரியாது.

கல்யாணமான புதிதில் தாராவியில் மாமனாரின் ஒற்றை அறையில் இருந்தோம். பதவி உயர்வுத் தேர்வில் தேறினால் கடற்படை குவார்ட்டர்ஸ். நாங்கள் நகர்ந்தால்தான் மைத்துனனுக்குக் கல்யாணம். "புதுப்பொண்ணு எங்க படுப்பா?" என்று பெண்வீட்டார் கேட்டுவிட்டிருந்தார்கள். தோல் பட்டறையிலிருந்து வந்ததும் அவன் என் பயிற்சிக்காக டார்ச்சோடு எதிர்மாடிக்கு ஓடுவான். மோர்ஸ் அட்டையைப் பார்த்துப் பார்த்து, உள்ளங்கையால் வெளிச்சத்தை மறைத்து மறைத்துத் திறப்பான். இந்த மாடியில் நான் கத்துவேன், மனைவி எழுதுவாள்.

தேர்வுக்கு முந்தின சாயங்காலம், கீழ்வீட்டு அத்தை மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"என்ன மாப்ள, எம்மவ சன்னலுக்கு லைட்டு அடிக்கதுக்குத்தான் ஒம்ம மச்சினனப் பழக்கி விட்டிருக்கீரா?"

"டி," என்றேன்.

"நான் கேக்கேன்லா?"

"ஹெச்."

அத்தை மனைவி பக்கம் திரும்பியிருக்க வேண்டும். "ஒம் புருசன் என்ன பாகலா, பைத்தியம் புடிச்சிருக்கா?"

"அத்தே, நாளைக்குப் பரீட்ச. அவுக திரும்பினா எழுத்து போயிரும்."

பிறகு அத்தை கைப்பிடிச் சுவருக்கு வந்து எதிர்மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "எலே, என்ன, அரிசியில கல்லு பொறுக்குத மாதிரி போடுத? ஜல்தி போடுல."

அவன் வேகமெடுத்தான். மாஹிம் பக்கம் சூரியன் சரிய, தகரக் கூரைகளின்மேல் அந்த ஒற்றை வெளிச்சம் வெட்டுக்கிளியாய்த் துள்ளியது. நான் துரத்தினேன், துரத்தினேன், தொண்டை கட்டும்வரை துரத்தினேன்.

டார்ச் அணைந்தது. மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்தாள். ஆங்கில எழுத்தில் தமிழ்: 'அத்தான் நீங்க தேறலன்னா எனக்குப் பேசுன புள்ளய வேற எடத்துல குடுத்துருவாங்க.' தெருவே கேட்க அவ்வளவையும் நானே கத்தியிருக்கிறேன். ஓர் எழுத்துகூட விட்டுப்போகவில்லை.

"இதுக்கா இந்தக் கூத்து? மொதல்லயே சொல்லப்பிடாதா?" என்று அத்தை இறங்கிப் போனாள்.

தேறினேன். குவார்ட்டர்ஸ் வந்தது. மைத்துனன் கல்யாணத்தில் முதல் பந்தியில் அத்தை இருந்தாள். ஆனாலும் இப்போதும் காதில் விழுவது தேர்வன்று காலை சயான் ஸ்டேஷன்தான். கூட்டம் என்னைத் தூக்கி லோக்கலுக்குள் வைத்துவிட்டது. வண்டி நகர, பிளாட்பாரத்தில் மைத்துனன் கூடவே ஓடிவந்தான்.

"அத்தான், ஃபெயிலாயிட்டா கப்பல்லயே படுத்துக்கிடுங்க. இங்க எடமில்ல."