எந்தப் பனி?

1. ஏலக்காய் டீ

எழுபதுகளில் மலையாளச் சீமையில், சக்குபள்ளம் பக்கம் ஓர் ஏலக்காய் எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்தேன். டாக்டர் வாரத்துக்கு ஒரு தடவை ஜீப்பில் வருவார். மற்ற நாளெல்லாம் ஊசி, மருந்து, பிரசவம், சிக் லீவு சீட்டு எல்லாவற்றுக்கும் நான்தான். தெர்மாமீட்டரில் காய்ச்சல் காட்டினால் சீட்டு. காட்டாவிட்டால் மலையேறி வேலைக்குப் போக வேண்டியதுதான்.

அந்தச் சீட்டுக்காக என்னிடம் காட்டிய வித்தைகள் கொஞ்சநஞ்சமல்ல. கக்கத்தில் வெங்காயம் வைத்தால் உடம்பு சுடும் என்று யாரோ கிளப்பிவிட, டிஸ்பென்சரியே வெங்காய மண்டி மாதிரி நாறியது. தெர்மாமீட்டரை வாயில் வைக்க ஆரம்பித்தேன். உடனே கொதிக்கக் கொதிக்க டீ குடித்துவிட்டு வந்து நின்றார்கள். இளைய நர்ஸ்களுக்குச் சொல்கிறேன்: முதலில் வாயை மோந்து பாருங்கள்.

ஏலக்காய் பறிக்கும் ராசாத்தி இதில் கெட்டிக்காரி.

"வாயத் தொற" என்றேன் ஒரு நாள்.

"எதுக்கு நர்சம்மா?"

"தொறத்தா. ம்ம். போ, பெஞ்சுல உக்காரு. கொஞ்ச நேரம் கழிச்சு பாப்போம், காய்ச்சலா, ஏலக்கா டீயான்னு."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"உங்க மக வந்தாலும் இப்பிடித்தான் மோந்து பாப்பீகளா?"

"என் மகன்னா ரெண்டு தடவ மோந்து பாப்பேன்!"

வாய் சும்மா இருக்குமா எனக்கு?

2. சாருக்கு வந்த பயம்

என் மகள் கனி அப்போது பத்தாம் வகுப்பு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். அவளுக்கு மூளைக்குக் குறைச்சலே இல்லை. மார்க்குக்குத்தான் பஞ்சம். சாலையோரம் மரம் நட்ட பேரரசரின் பெருமையை எழுதச் சொன்னால், "தினமும் தண்ணீர் ஊற்றியது யார் என்று புத்தகத்தில் இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள். அதற்கு முட்டை. "கேட்டதுக்குப் பதில் எழுதேன்டி" என்று தலையில் அடித்துக்கொண்டால், "கேக்காததுதாம்மா நல்லா இருக்கு" என்பாள். இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒரு நாள் அவளுடைய வகுப்பு சார் டிஸ்பென்சரிக்கே வந்துவிட்டார். கீழ்நாட்டிலிருந்து வந்த மலையாளி. நல்ல மனிதர்.

"சிஸ்டரே, பறயாதிருக்கான் வய்யா, சொல்லாம இருக்க முடியல. கனிக்கு எப்பளும் பனியாணு. ரத்தம் டெஸ்ட் செய்யணம். க்ஷயமோ என்னவோன்னு எனக்குப் பயமா இருக்கு."

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். எனக்குத் திக்கென்றது. ஊருக்கெல்லாம் காய்ச்சல் பார்க்கிறவள், பெற்ற மகளின் காய்ச்சலைப் பார்க்கவில்லையா? கனியைக் கூட்டிவரச் சொல்லி, எல்லார் முன்னாலும் தெர்மாமீட்டரை அவள் வாயில் வைத்தேன். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை.

"சார்கிட்ட பனின்னு சொன்னியா?"

"ஆமா, சொன்னேன்."

"எங்கடி பனி?"

ஜன்னலைக் காட்டினாள். வெளியே பத்தடி தள்ளி நின்ற பலாமரம் தெரியவில்லை.

"நேத்தும் இப்பிடித்தாம்மா கெடந்துச்சு. ஏன் வரலைன்னு சார் கேட்டாரு. பனின்னேன். நான் தமிழ்ல சொன்னேன், அவரு மலையாளத்துல கேட்டுக்கிட்டாரு. அதுக்கு நானா பொறுப்பு?"

பெஞ்சில் இருந்த ராசாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சார் பாவம், சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் நின்றார்.

3. காரணம்

சிரிப்பு அதோடு நின்றது. ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். வருகை குறைவு, மெடிக்கல் சர்டிபிகேட் இருந்தால்தான் பத்தாம் வகுப்புப் பரீட்சை, இல்லாவிட்டால் ஒரு வருஷம் போச்சு என்றார். ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தால் இவள் மறுபடி பள்ளிக்கூடம் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டாள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் எழுதி வைத்தால் டாக்டர் கையெழுத்துப் போட்டுவிடுவார். காகிதத்தை எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்சமும் யோசிக்கவில்லை. பெற்றவளுக்குச் சட்டமாவது ஒன்றாவது!

கனி காகிதத்தின் மேல் கையை வைத்தாள்.

"வேணாம்மா. எனக்குக் காய்ச்சல் இல்ல. நாளைக்கு ராசாத்தி அக்கா டீ குடிச்சிட்டு வந்தா அவுகள எந்த வாயால கேப்பீங்க?"

"ராசாத்தி கெடக்கா. உன் பரீட்ச என்னடி ஆகுறது?"

"நான் பேசிக்கிறேன்."

இவள் பேசினால் உள்ளதும் போய்விடுமே என்று, ஹெட்மாஸ்டர் ரூமுக்கு அவள் பின்னாலேயே போனேன்.

"சார், பனி நாள்ல உங்க பஸ்ஸு எப்ப வருது?" என்று ஆரம்பித்தாள்.

ஹெட்மாஸ்டருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். "உச்சையாகும்" என்றார் மலையாளத்தில்.

"மத்தியானம் வர்ற உங்களுக்குக் காலையிலிருந்தே பிரசென்ட். காலையில வந்து, இருட்டுல உக்காந்து பாத்துட்டு, ஒரு சாரையும் காணோம்னு வீட்டுக்குப் போன எனக்கு மட்டும் ஆப்சென்டா?"

பக்கத்தில் நின்ற வகுப்பு சார் கூரையைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் வருகைப் பதிவேட்டை இழுத்து, காரணம் என்ற இடத்தில் மலையாளத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதினார். பனி.

"கல்வி ஆபீஸ்காரன் அவனுக்குத் தெரிஞ்ச மாதிரி படிச்சுக்கட்டே. நீ உன் பாஷையில் படிச்சோ. சர்டிபிகேட் வேண்டா" என்றார்.

கனி எட்டிப் பார்த்து, "சரியா எழுதியிருக்கீங்க சார்" என்றாள். திமிரைப் பாருங்கள்!

4. மலையாளப் பனி

தப்பித் தவறிப் பாஸானாள். கோட்டயத்தில் கல்லூரி, ஹாஸ்டல். பஸ் ஏறும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று நான்தான் இரண்டு நாள் அழுதுகொண்டிருந்தேன்.

முதல் லீவுக்கு வந்து, திரும்பிப் போக வேண்டிய காலையில், பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"அம்மா, பனி."

"எந்தப் பனி?"

"இந்தத் தடவ மலையாளப் பனிம்மா."

தெர்மாமீட்டரை வைத்தேன். பாதரசம் விறுவிறுவென்று ஏறியது. அதைப் படிக்கக் குனிந்தபோது குப்பென்று வந்தது ஏலக்காய் டீ வாசனை. அடுப்புப் பக்கம் டம்ளர் கழுவாமல் கிடந்தது. ஹெட்மாஸ்டரையே நேருக்கு நேர் பார்த்துப் பேசியவள், என் முகத்தைப் பார்க்காமல் என் சேலைத் தலைப்பைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். தெர்மாமீட்டரை உதறி வைத்தேன்.

"காய்ச்சல்தான்" என்றேன். "ரெண்டு நாள் ரெஸ்ட் எடு."

அந்த இரண்டு நாளும் என் பின்னாலேயே சுற்றினாள். கல்லூரிச் சாப்பாட்டைத் திட்டித் தீர்த்தாள். மூன்றாம் நாள் தானாகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். இந்தத் தடவை திரும்பிப் பார்த்தாள்.

அவளை ஏற்றிவிட்டு டிஸ்பென்சரிக்கு வந்தால், பெஞ்சில் ராசாத்தி. டீ வாசனை வாசலுக்கே வந்தது. வாயைத் திற என்று சொல்லப்போனவள், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"என்னத்தா, வீட்டுல என்ன?"

"நேத்துதான் நர்சம்மா, கட்டிக்குடுத்த புள்ளைய கம்பத்துக்கு பஸ் ஏத்திவிட்டேன்" என்றாள். அவ்வளவுதான், பொலபொலவென்று கொட்டிவிட்டாள்.

வாயை மோந்து பாருங்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா? அதைக் கைவிட வேண்டாம். கூடவே முகத்தையும் பாருங்கள்.

ராசாத்திக்கு அன்று லீவுச் சீட்டுக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் பனி என்று எழுதினேன். வெளியே கொட்டிக்கொண்டுதான் இருந்தது.