இடப்பக்கம் கேட்ட டிக்

கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும். நடந்தது நடந்ததுதான். நேரம் உட்பட எல்லாம் என் நோட்டில் இருக்கிறது.

நானும் அத்தானும், அதாவது என் அக்காவின் கணவரும், வௌவால் எண்ணுகிறவர்கள். பழைய கட்டடத்தை இடிக்கவோ பூசவோ போகிறார்கள் என்றால் முதலில் எங்களைக் கூப்பிடுவார்கள். ஊருக்குள் வௌவால் பார்க்கப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். மழையில்லாத மாலை, சூரியன் மறைந்து இருபது நிமிடம், கூரையடியில் ஒரு விரிசல். வானம் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றால், ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒன்று வந்தால் கையிலிருக்கும் கவுண்டரை ஓர் அழுத்து. டிக். விரிசலை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. டார்ச் அடிக்கக் கூடாது.

அத்தான் ஓர் அவசரக்குடுக்கை. வௌவால் மூக்கை நீட்டும்போதே அழுத்திவிடுவார். ஆனாலும் கடைசியில் அவர் எண்ணிக்கைதான் சரியாக இருக்கும். எனக்கு எப்போதும் ஒன்று குறையும். "ஒண்ண விட்டுட்ட மாப்ள" என்று சிரிப்பார்.

போன மாதம் அவர் போய்விட்டார். மாரடைப்பு. நான் அழவில்லை. மரத்துப்போய்க் கிடந்தேன். நான்காம் நாள் பழைய ஐஸ் ஃபேக்டரிக்குத் தனியாகப் போனேன். மழை தூறியது. ஒன்றும் வெளியே வரவில்லை. மழை நாளில் வராவிட்டால் இன்னொரு நாள் வந்து பார்க்கவேண்டும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் 'வௌவால் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது. விரிசலை அடைத்துவிட்டால், உள்ளே இருப்பவை அத்தனையும் செத்துப்போகும். அடைக்கும் வேலை திங்கட்கிழமை என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலையே ஓடினேன். பையில் அத்தானின் கவுண்டரும் கிடந்தது. பழக்கதோஷத்தில் இரண்டையும் பூஜ்யத்துக்குத் திருப்பி, அவருடையதை மறுபடி பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

மணி 6:52. இருட்டில் கூரையடி கறுப்பாகத் தெரிந்தது. அங்கிருந்து முதல் வௌவால்.

டிக்.

அப்பாடா... இருக்கின்றன. போன உயிர் திரும்பி வந்தது எனக்கு.

பதினைந்து நொடிக்கு ஒன்று. எண்ணத் தோதாக, வரிசையில் நின்று வருவது போல. வௌவால் அப்படி வராது.

7:00. வௌவால் கத்துவது நம் காதுக்குக் கேட்காது. அதைக் கேட்கவைக்கும் கருவி என் இடுப்பில் இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. சத்தம் மட்டும் இல்லை.

7:04. தலையை உரசுகிற உயரத்தில் பறந்தன. காற்று அசையவில்லை.

7:06.

டிக்... டிக்.

இரண்டு சத்தம். என்னுடையதற்கு ஒரு நொடி முன்னால் இன்னொன்று. இடப்பக்கத்தில். எப்போதிலிருந்து கேட்கிறதோ, இப்போதுதான் கவனித்தேன்.

நான் திரும்பவில்லை. கண்ணை எடுக்கக் கூடாது அல்லவா? பயம்கூட வரவில்லை.

"அத்தான்?" என்றேன்.



டிக்... டிக்.

டிக்... டிக்.

7:13.

டிக்.

இது இடப்பக்கம் மட்டும். நான் எதையும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. திரும்பினேன். யாருமில்லை. என் கவுண்டரில் 86.

உடனே கொத்தனாருக்குப் போன் போட்டேன்.

"அந்த விரிசல அடைச்சிடாதீங்க. உள்ள வௌவால் இருக்கு. இப்பதான் எண்ணினேன்."

"என்ன சார் சொல்றீங்க? போன வாரம் வியாழக்கிழமையே பூசிட்டோமே."

டார்ச் அடித்தேன். கூரையடியில் விரிசல் இல்லை. காய்ந்த சிமெண்ட்.

பையைத் திறந்தேன். அத்தானின் கவுண்டரில் 87.

மறுநாள் காலை கொத்தனாரைக் கூட்டிப்போய் உடைக்கச் சொன்னேன். ஏணியில் அவர் ஏறினார். நான் கீழேயே நின்றேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சிமெண்ட் சட்டியில் போட்டார். எதிலும் உயிர் இல்லை.

"எத்தன?" என்று கேட்டேன்.

"எம்பத்தாறு சார்."

அவர் விரிசலுக்குள் மறுபடி கையை விட்டார்.

"இருங்க... மூலைல இன்னும் ஒண்ணு கெடக்கு."