அப்பாவின் பட்டாணி

ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் என் வீட்டுக் குசினிக்குள் நுழைந்ததும் ஊறிய பட்டாணியின் மணம் மூக்கில் ஏறியது. பெப்ரவரி வெயிலை நம்பி அப்பா மறுபடியும் விதைக்க ஊறப்போட்டிருக்கிறார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

குட்மேய்ஸில் இருந்த பழைய வீட்டில், நான் சிறுமியாக இருந்தபோதும் இதே கூத்துத்தான்.

"இஞ்சாருங்கோ, இன்னும் உறைபனி விழும். மார்ச் முடியட்டுமன்," என்பார் அம்மா.

"எனக்குத் தோட்டம் சொல்லித்தர வாறியோ?" என்பார் அப்பா.

குளிர்ந்த ஈரமண்ணில் விதைகள் அழுகிப்போகும். முளைத்த ஒன்றிரண்டும் உறைபனியில் கருகிவிடும். பிறகு அப்பா ஷிப்டுக்குப் போன நேரம் பார்த்து, அம்மாவும் நானும் அதே குழிகளில் புது விதை ஊன்றுவோம்.

"அப்பாட்டைச் சொல்லுங்கோவன் அம்மா!" என்று கத்துவேன்.

"சொன்னால் கேக்கிற ஆளே? நீ ஊன்று."

ஜூனில் கொடி நிறையக் காய்க்கும். வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா காயை உரித்துக் கொடுப்பார். "பெப்ரவரியில போட்டது. இவளுக்கு இதெல்லாம் விளங்காது," என்று அம்மாவைக் காட்டுவார். அம்மா தேத்தண்ணி ஊற்றுவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

அம்மா இறந்தபின் அப்பா என்னோடுதான் இருக்கிறார். இன்று தோட்டத்துக்குப் போய், "இப்ப ஊன்றினால் அழுகிப்போயிடும் அப்பா," என்றேன்.

அவர் நிமிரவில்லை. "கொம்மா மாதிரியே கதைக்கிறாய்."

கடைக்குப் போய் இன்னொரு பைக்கற் பட்டாணி விதை வாங்கி ஒளித்துவைத்தேன்.