காப்பில்லாத கை

என் முதல் நாவலில் ஓர் ஊர். அங்கே எல்லோர் மணிக்கட்டிலும் அரசாங்கம் ஒரு காப்பு மாட்டியிருக்கும். கை தப்புக்குப் போனால் காப்பு அதை மரத்துப்போகச் செய்யும். உதவாமல் நின்றால் தானாக நீட்டவும் வைக்கும். கதாநாயகி தன் காப்பை அறுத்தெறிகிறாள். கடைசியில், அவள் குழந்தைக்குக் காப்பு மாட்டிய அதிகாரி ஏரியில் வழுக்கி விழுந்து, கை கொடுக்கச் சொல்லிக் கெஞ்சுகிறான். அவள் கொடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.

சென்னையிலிருந்து பதிப்பாளர் அம்மா போன் செய்தார். "ரொம்ப பயங்கரமா இருக்குதும்மா. அவ திரும்பக் காப்பு மாட்டிக்கிட்டு அவனைத் தூக்கி விடட்டும். ஒரு வாரத்துல மாத்திக் குடு. இல்லன்னா இந்தப் புத்தகம் வேணாம்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. காப்பு போட்ட கை தூக்கிவிட்டால், தூக்கிவிட்டது யார்? ஆனால் அவனைச் சாக விட்டது சரி என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஐந்து நாள் ஒரு வரி எழுதவில்லை.

ஆறாம் நாள் காலை, எங்கள் பிழைப்பான கைத்தறியில் கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டின் இழையையும் ஒவ்வொரு வரிசையிலும் கோர்த்துக்கொண்டே போக வேண்டும். உடல் இழையை ஓட்டும் நாடா என்னுடையது, கரை நாடா என் வீட்டுக்காரருடையது. விரலால் தடவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நான்கு விரல் கீழே சில வரிசைகளைக் கோர்க்காமலே விட்டிருந்தேன்.

"நாவல நெனச்சிக்கினு நாடா போட்டா இப்டித்தான்," என்றார் அவர். "இடுப்புல செருவுற எடம்தானே? எவ பாக்கப் போறா? உடும்மா."

உண்மைதான். என்றைக்கோ ஒருநாள், எங்கேயோ ஒருத்தி இடுப்பில் அது கிழியும். எங்களைத் தேடி யார் வரப்போகிறார்கள்? விட்டுவிடத்தான் எனக்கும் ஆசை. பக்கத்துத் தெரு விசைத்தறி, இழை அறுந்தால் தானாக நின்றுவிடும். அதை யாரும் யோக்கியன் என்று சொல்வதில்லை. என் தறி நிற்காது, நான்தான் நிற்க வேண்டும்.

"பிரிக்கிறேன்," என்றேன்.

"அர நாள் வேல போச்சு," என்று முணுமுணுத்தார். ஆனால் குனிந்து கரை இழையைப் பிரிக்க ஆரம்பித்ததும் அவர்தான்.

பிரித்து முடிப்பதற்குள் எனக்கு நாவலின் முடிவு கிடைத்துவிட்டது. துள்ளிக் குதிக்காத குறை.

மறுநாள் பதிப்பாளருக்குப் போனிலேயே படித்துக் காட்டினேன். ஏரிக்கரையில் அவள் நிற்கிறாள். மனசு நிறைய வெறுப்பு. விட்டுவிடலாம், தடுக்க எதுவும் இல்லை. கையை நீட்டுகிறாள். அவனோ காப்பில்லாத அந்த மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, பிடிக்கப் பயந்து தண்ணீரில் தத்தளிக்கிறான். அவ்வளவுதான்.

படித்து முடித்து, "மேடம்?" என்றேன்.

"இதையே போட்டுடலாம்மா. ஓர் எழுத்து மாத்த வேணாம்." பிறகு, பொறுக்க முடியாமல், "ஆனா அவன் கையைப் புடிச்சானா இல்லியா?"

அன்றைக்குப் போல நான் என்றைக்கும் நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

"அது அவன் இஷ்டம் மேடம்."