ஜெபமணியின் வியாழக்கிழமைகள்

ஞானராஜ் மஸ்கட்டுக்கு வேலைக்குப் புறப்பட்டது 1996-ல், ஈஸ்டர் கழிந்த வியாழக்கிழமை. நாள் பார்த்ததில் பக்திக்கு இடமில்லை. மும்பை ரோட்டோரத்துக் கசார்வாடிப் பட்டறைகளுக்கு வியாழக்கிழமைதான் கரண்ட் கிடையாது, அதனால் அன்றுதான் வார விடுமுறை. அரை நாள் வேலையைக்கூட வீணாக்க மனம் வராத ஆள் அவன். நாட்டை விட்டுப் போவதற்கும் மிஷின் ஓடாத நாளாகப் பார்த்துத்தான் டிக்கெட் போட்டான்.

மூடிக்கிடந்த அவன் பட்டறைக்குள்ளேயே பயண ஜெபம் நடந்தது. தெற்கே நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஜெபம் பண்ணாமல் தெருமுனையைக்கூடத் தாண்ட மாட்டார்கள். கட்கி தமிழ்ச் சபையிலிருந்து வந்திருந்த பாஸ்டர் ஒரு கையை ஞானராஜ் தலையிலும், மறுகையை அவன் தம்பி ஜெபமணி தலையிலும் வைத்தார்.

"கர்த்தாவே, இந்தத் தொழிலை இந்தத் தம்பியின் கையில் ஒப்புக்கொடுக்கிறோம். அண்ணன் திரும்பி வருமட்டும் இவன் இதைக் காத்துக்கொள்ளக் கிருபை செய்யும்."

"ஆமென்" என்றான் ஜெபமணி. இருபத்து நாலு வயது அவனுக்கு. கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் இரண்டு விரலால் தாளம் தட்டிக்கொண்டே சொன்னான்.

வெளியே ரிக்ஷா காத்திருந்தது. ஞானராஜ் சாவிக்கொத்தை நீட்டினான்.

"ரெண்டே வருசம்ல. கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள ஓடிரும். தளேகாவ் பார்ட்டிய மட்டும் விட்ராத."

"சரிண்ணே."

"ட்ரம்மு கிம்முன்னு ஊர் சுத்தாத."

"சரிண்ணே."

ரிக்ஷா பழைய மும்பை ரோட்டில் திரும்பி லாரிகளுக்குள் மறைந்தது. ஜெபமணி உள்ளே வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், ஓவன் கதவைத் திறந்து திரும்ப மூடினான்.

பவுடர் கோட்டிங் பட்டறை அது. தளேகாவ் கம்பெனியிலிருந்து டெம்போவில் இரும்புப் பாகங்கள் வரும். அவற்றை வரிசையாக இருக்கும் தொட்டிகளில் முக்கிக் கழுவ வேண்டும். காய்ந்ததும் தள்ளுவண்டியின் கொக்கிகளில் மாட்டிப் பவுடர் அடிக்க வேண்டும். பிறகு வண்டியோடு ஓவனுக்குள் தள்ளினால் பவுடர் உருகி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். வெளியே எடு, ஆறவிடு, அடுத்த வண்டியைத் தள்ளு. முதல் வருஷ முடிவிலேயே ஜெபமணி இதைப் பாதித் தூக்கத்தில் செய்யக்கூடியவனாகிவிட்டான். ராத்திரி மூக்கைச் சிந்தினால் அன்றைக்கு ஓடிய கலர் துணியில் தெரியும்.

இரண்டு வருஷம் முடிந்தது. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து எஸ்டிடி பூத்துக்கு ஞானராஜ் போன் பண்ணுவான். "இப்ப கிளம்பினா இங்க எல்லாம் பாழாப் போயிரும்ல. அடுத்த வருசம் கண்டிப்பா." அடுத்த வருஷமும் வந்து, போனது.

ஜெபமணிக்கு உயிர் இருந்தது இரண்டு நாட்களில்தான். ஞாயிற்றுக்கிழமை சபையில் ட்ரம்ஸ் வாசிப்பான். சனிக்கிழமை சாயங்காலங்களில் ரீனாவின் பாட்டுக் கோஷ்டியோடு கல்யாண ரிசப்ஷன்களில் வாசிப்பான். ரீனா கட்கியிலேயே பிறந்து வளர்ந்தவள், ஒரு பள்ளிக்கூட ஆபீசில் டைப்பிஸ்ட். தமிழை மட்டும் கொஞ்சம் தடுக்கித் தடுக்கி, நடுநடுவே இந்தி கலந்து பேசுவாள். ஆனால் எந்த பாஷையில் பாட்டு கொடுத்தாலும் அந்த ஊர்க்காரி மாதிரி பாடிவிடுவாள்.

1999 மழைக்காலம் முடியும்போது லோனாவ்லாவில் ஒரு கல்யாணம். அங்கே இவர்கள் வாசித்ததைக் கேட்ட ஒரு ஓட்டல் மேனேஜர் கோவாவுக்குக் கூப்பிட்டார். டிசம்பரிலிருந்து ஈஸ்டர் வரை தினமும் வாசிக்க வேண்டும், பிடித்திருந்தால் அடுத்த சீசனும் உண்டு. ட்ரம் செட்டை மட்டும் இரண்டு தரம் சுற்றி வந்து பார்த்து, இதை இந்தக் கோலத்தில் தன் விருந்தாளிகள் முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டாம் என்றார். தப்பாகச் சொல்லவில்லை. மேலே ஒட்டியிருந்த சிவப்பு பிளாஸ்டிக் உரிந்து, வெயிலில் கிடந்த வாழைமட்டை மாதிரி சுருண்டிருந்தது.

மறுநாள் ரீனா பட்டறை வாசலுக்கே வந்துவிட்டாள்.

"சொல்லு, வர்றியா இல்லையா?"

"அண்ணன் வரட்டும்..."

"அரே, உங்க அண்ணன் மூணு வருஷமா வந்துட்டே இருக்கான்!"

"ஆமென் சொல்லிட்டேன் ரீனா. தலையில கை வச்சு ஜெபம் பண்ணாங்க. சும்மா பேச்சுக்குச் சொன்னது மாதிரி விட முடியாது."

"சொன்னது ரெண்டு வருஷத்துக்குத்தானே? மூணாவது வருஷத்துக்கு யார் ஜெபம் பண்ணா?"

"ரெண்டு வருசம்னது அண்ணன். பாஸ்டர் வருசமே சொல்லல. திரும்பி வருமட்டும்னுதான் சொன்னாரு."

ரீனா இடுப்பில் கை வைத்து அவனைப் பார்த்தாள். "அப்ப அவன் வரவே இல்லேன்னா?"

ஜெபமணி கையிலிருந்த கொக்கியில் விரலால் தட்டினான். பட்டறையில் தொட்டிகளில் பாகங்களை முக்கி எடுக்கும் பாத்திமா அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "போய்ட்டு வாங்க மணியண்ணே. நீங்க இங்க இருந்தா மட்டும் என்ன, நாள் பூரா கொக்கியில டிக்கு டிக்குன்னு தட்டிட்டுதான இருக்கீங்க. எங்க தலை வலிதான் மிச்சம்."

அந்த வாரம் போனில் அண்ணனிடம் சொல்லிவிட்டான். ஈஸ்டர் வரை லீவு, பாத்திமாவின் வீட்டுக்காரர் பட்டறையைப் பார்த்துக்கொள்வார். "உன் இஷ்டம்ல" என்று மட்டும் அண்ணன் குரல் வந்தது. கோபித்திருந்தால்கூட ஜெபமணிக்கு இவ்வளவு கனத்திருக்காது. இருந்தாலும் பூத்தை விட்டு வந்ததும் நேராகப் போய் ட்ரம் செட்டைப் பிரித்தான்.

ட்ரம் மரத்தில் செய்தது; பவுடர் கோட்டிங் மரத்துக்கு ஆகாது. பவுடர் பிடிக்காது. பிடித்தாலும் ஓவனுக்குள் வைக்க முடியாது, தாள் தாளாக அடுக்கிய பலகையை ஒட்டிய பசை சூட்டில் விட்டுவிடும். வேறு வழியை அவனுக்குக் காட்டியது ஒரு பழைய ரிஜெக்ட். முன்பு ஒருநாள் பட்டறை வாசல் கேட்டுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது, கழுவும் தொட்டித் தண்ணீரில் பெயிண்ட் பறந்து விழுந்து ஆடை கட்டியிருந்தது. பாத்திமா கவனிக்காமல் ஒரு பிராக்கெட்டை அதில் முக்கி எடுத்துவிட்டாள். தண்ணீர்மேல் இருந்த வரியெல்லாம் அப்படியே இரும்பில் ஏறிக்கொண்டது. தளேகாவ் இன்ஸ்பெக்டர் அதைச் செத்த எலியைப் போல இரண்டு விரலால் தூக்கிக் காட்டிவிட்டுத் திருப்பி அனுப்பினார். ஜெபமணிக்கோ அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

இப்போது அதையே வேண்டுமென்று செய்தான். வியாழக்கிழமைகளில் பவுடர் அடிக்கிற கம்ப்ரசர் ஓடாது. இதற்குக் கம்ப்ரசர் தேவையும் இல்லை, ஸ்பிரே டப்பாக்களும் ஒரு தொட்டித் தண்ணீரும் போதும். உரிந்த பிளாஸ்டிக்கைக் கிழித்தெடுத்து, மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி, வெள்ளை அடித்துக் காயவைத்தான். ஓட்டைகளை டேப் போட்டு அடைத்தான். சின்ன ட்ரம்கள் முதல் இரண்டு வியாழக்கிழமைகளில் முடிந்தன. பெரிய பேஸ் ட்ரம், ரீனாவும் மற்றவர்களும் கோவா பஸ் ஏறும் சனிக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமைக்கு மிஞ்சியது.

அன்றைக்குப் பனி. தண்ணீர் சில்லென்று இருந்தால் பெயிண்டின் ஆடை சுருங்கி உடைந்துவிடும். ஸ்டவ்வில் வெந்நீர் வைத்து வைத்துத் தொட்டியில் ஊற்றினான். பட்டறைக்குப் பின்னால் குடியிருந்த பாத்திமா, விடுமுறை நாளிலும் வேடிக்கை பார்க்க வந்து, வேலையில் மாட்டிக்கொண்டாள்.

"துணி துவைக்கிற நேரத்துல கூத்துக்கு ஆள் சேக்கிறீங்க."

"பேசாம அந்தப் பக்கத்தப் பிடி. நான் சொன்னதும் அமுக்கு. மரம், ரொம்ப நேரம் தண்ணியில நிக்கக் கூடாது."

தண்ணீரின் மேல் நீலம் அடித்தான். அது உயிர் வந்ததுபோல் விரிந்து ஓடியது. அதன் நடுவில் வெள்ளை, அதன்மேல் கறுப்பு, மறுபடி நீலம். ஒரு குச்சியால் மெல்ல இழுத்தான். இரண்டு வாயையும் பிளாஸ்டிக் தாள் கட்டி அடைத்த ட்ரம் மிதந்துகொண்டு உள்ளே இறங்க மறுத்தது. இரண்டு பேரும் முழங்கையால் அழுத்தினார்கள். முழுக்க மூழ்கியதும், தண்ணீர்மேல் மிச்சமிருந்த பெயிண்டை ஜெபமணி ஒரு பேப்பரால் ஒதுக்கினான். இல்லாவிட்டால் வெளியே எடுக்கும்போது அதுவும் வந்து அப்பிக்கொள்ளும்.

வெளியே வந்த ட்ரம்மை இருவரும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நீலத்துக்குள் கறுப்பும் வெள்ளையும் சுழன்று சுழன்று போயின. ஒரு சுழி போல் இன்னொன்று இல்லை.

"அல்லாவே" என்றாள் பாத்திமா. "இதத் தட்டுறதுக்கு மனசு வருமா?"

ஜெபமணி சிரித்தான். கோவாவில் அவன் எப்படி உட்கார்ந்திருப்பான் என்று முதல்முறையாக அவனுக்குக் கண்ணில் தெரிந்தது. தரையில் வைத்தால் தூசி ஒட்டும் என்று, ஈரம் போவதற்காக ட்ரம்மைத் தூக்கித் தள்ளுவண்டியின் பின்வரிசைக் கொக்கியில் மாட்டினான். அந்தப் பட்டறையில் எதைக் காயவைத்தாலும் அங்கேதான் மாட்டுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலை தளேகாவிலிருந்து டெம்போ சீக்கிரமே வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் சரக்கு வேண்டுமாம். டிரைவர் ஹாரனை விடவில்லை. ஓவன் சூடேறியது. பிராக்கெட்டுகளை மாட்டு, பவுடர் அடி, அடுத்தது, அடுத்தது. வண்டி நிறைந்ததும் ஜெபமணி தோளைக் கொடுத்து உள்ளே தள்ளினான். கதவைச் சாத்தி, நேரம் முடிந்ததும் அடிக்கிற மணியைத் திருகிவிட்டான். பிறகு அடுத்த வண்டியில் கொக்கி மாட்டப் போனான்.

வாடையை முதலில் பிடித்தவள் பாத்திமா. "அண்ணே, ஏதோ மரம் கருகுது!"

அவன் ஓடிக் கதவைத் திறந்தபோது முகத்தில் புகை அடித்தது. வண்டியை இழுத்தான். கறுப்பு பிராக்கெட்டுகளின் பின்னால் ட்ரம் தொங்கியது. நீலம் கொப்பளித்துப் பழுப்பாகிவிட்டது. பலகை மூட்டு விட்டு, தாள் தாளாகப் பிரிந்து, வாய் பிளந்துகொண்டிருந்தது.

வேறு யாரும் தொட்டிருக்கவில்லை. வண்டியைத் தள்ளியது அவன் தோள். கதவைச் சாத்தியது அவன் கை. சூடு ஆகாது என்று எல்லாருக்கும் சொன்னதும் அவன்தான்.

ஆனால் அவனை உலுக்கியது அது இல்லை. அந்த ட்ரம்மைப் பார்த்ததும் அவன் கத்தவில்லை, அழவில்லை. ஓவன் மேல் எப்போதும் கிடக்கும் சாக்பீசை எடுத்து, ரிஜெக்ட் ஆன பீசுக்குப் போடுகிற மாதிரி அதன்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டான். போட்ட பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது.

"உட்காருங்கண்ணே" என்றாள் பாத்திமா, குரல் தாழ்ந்து.

"டெம்போ நிக்குது" என்றான் ஜெபமணி. பிராக்கெட்டுகளைக் கழற்றத் தொடங்கினான்.

மறுநாள் ரீனா வந்து ட்ரம்மை ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"அரே, போனா போகட்டும் விடு. அங்க ஒரு செட் வாடகைக்கு எடுக்கலாம். நீ ஒரு பை மட்டும் எடுத்துட்டு வா. எட்டு மணிக்கு பஸ்."

"இதச் சரி பண்ணிட்டு வாறேன். ரெண்டு நாள்."

"ஜெபா, உன்னை வரச் சொல்றேன். ட்ரம்மை இல்ல."

"ரெண்டே நாள் ரீனா."

"சல், கிளம்புறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் போனாள். கேட் அருகே ஒருமுறை நின்றாள். உள்ளே ஓவன் மணி அடித்தது. ஜெபமணி திரும்பினான்.

அடுத்த வியாழக்கிழமை மரப்பசை வாங்கி வந்தான். அதற்கடுத்த வியாழக்கிழமை பிரிந்த தாள்களைக் கட்டி இறுக்கிப் பார்த்தான். வட்டம் வரவில்லை, முட்டை மாதிரிதான் வந்தது. ஜனவரியில் கோவாவிலிருந்து எஸ்டிடி பூத்துக்கு ஒரு சேதி வந்தது: ரீனா கோஷ்டிக்கு அங்கேயே ஒரு பையன் கிடைத்துவிட்டானாம். நன்றாக வாசிக்கிறானாம்.

2001-ல் தளேகாவ் ஆர்டர் இரண்டு மடங்காகியது. மஸ்கட்டிலிருந்து சொல்லி ஞானராஜ் ஒரு ஜெனரேட்டர் வாங்கவைத்தான். கரண்ட் இல்லாத நாளிலும் இனி ஓவன் எரியும். வியாழக்கிழமை என்று தனியாக ஒரு நாள் அதற்குப் பிறகு வாரத்தில் இல்லை. 2003-ல் ஊரிலிருந்து பெண் பார்த்து அவனுக்குக் கட்டி வைத்தார்கள். கல்யாணத்துக்கு ஞானராஜ் வரவில்லை, போனில் ஜெபம் பண்ணினான். சபையில் ட்ரம்சுக்குச் சின்னப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஜெபமணி கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

முப்பத்தைந்தாவது வயதில், 2007 மே மாதம், ஒரு மத்தியானம் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தான். மொபைலை எடுத்தான். அண்ணனுக்கு இதுவரை அனுப்பாத ஒன்றை, இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தான்: "அண்ணே எப்ப வாறீங்க. எனக்குப் போகணும்."

எங்கே என்று அடிக்கவில்லை. அது அவனுக்கே தெரியாது. அனுப்பிய பிறகு, வருஷக் கணக்காக இல்லாத மாதிரி, தொடையில் இரண்டு விரலால் தாளம் தட்டினான்.

பதில் வரவில்லை. மழை தொடங்கி, கேட் முன்னால் சேறாகி, பண்டிகைப் பந்தல்கள் போட்டுப் பிரித்து, பனி இறங்கியது. அவன் இரண்டாவது தடவை கேட்கவில்லை. கிறிஸ்துமசுக்குச் சில நாள் முன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஓவன் கதவைச் சாத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு படித்தான்.

"தம்பி, கர்த்தர் கிருபையால எனக்குக் கனடாவுல குடியேற பேப்பர் கிடைச்சிட்டு. இனி அங்கேயேதான். நீ இத்தன வருசம் பட்ட பாடு எனக்குத் தெரியும்ல, சும்மா விடுவேனா. பட்டறைய உன் பேருக்கே மாத்தச் சொல்லி வக்கீல்ட்ட பேசிட்டேன். இனி அது முழுசும் உன்னது. சந்தோசமா இரு."