அடைச்ச ஜன்னலும் என் சிகரெட்டும்

எங்க தெருவுல யாருக்கு இன்னா வந்தாலும் பழி கம்பெனி மேலதான். இருமல் வந்தா கம்பெனி, முடி கொட்டுனா கம்பெனி, காயப்போட்ட துணி கறுத்தா அதுவும் கம்பெனி. கும்மிடிப்பூண்டில இரும்புக் கம்பெனிங்களுக்குப் பக்கத்துல குடியிருந்துக்கினு வேற யாரத் திட்டறது? துணி கறுக்கறது நெஜமும்கூட. அதனால என் பொண்டாட்டிக்குக் கண்ணு செவந்து எரிய ஆரம்பிச்சப்போ நானும் கம்பெனியத்தான் வாய் வலிக்கத் திட்டுனேன்.

அவ ஒரு ரெடிமேட் சட்டைக் கம்பெனில செக்கிங். தச்சு வர்ற சட்டைய டியூப் லைட்டுக்குக் கீழ விரிச்சு, தையல் விட்டிருக்கா, நூல் நீட்டிக்கினு இருக்கா, கறை இருக்கான்னு பாத்துத் தள்ளணும். அதுல அவ கெட்டிக்காரி. கல்யாணத்துக்குப் போனாக்கூட மாப்பிள்ளை சட்டைக் காலர் கோணலா இருக்குதுன்னு என் காதுல சொல்லுவா. அப்படியாப்பட்டவ, மத்தியானம் ஆனாலே கண்ணுல மண்ணு போட்ட மாதிரி இருக்குதுன்னு கசக்க ஆரம்பிச்சா. கசக்கற நேரத்துல தப்பான சட்டைங்க அவளத் தாண்டிப் போச்சு. சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கேட்டுட்டான். "இன்னொருவாட்டி இப்படி ஆச்சுன்னா என்னைச் செக்கிங் டேபிள்ல இருந்து எடுத்துடுவாங்க"ன்னு சொல்லிட்டு அன்னிக்கி அவ சாப்பிடவே இல்ல.

எதிர் ஊடுதான் என் மாமனார் ஊடு. அவருதான் யோசனை சொன்னாரு. "இன்னா மாப்ள, பொகை உள்ள வந்துக்கினே கீது, நீ ஜன்னலத் தெறந்து போட்டுக்கினு கீற. அடைச்சுப் போடு." சரின்னு அந்த ஞாயித்துக்கெழமையே பிளாஸ்டிக் ஷீட் வாங்கியாந்து, ஆணி அடிச்சு, ஓரத்துல டேப் ஒட்டி, ஒரு ஈ நுழைய வழி இல்லாம அடைச்சேன். மாமனார் ஸ்டூலப் புடிச்சுக்கினாரு. பொண்டாட்டி மேல எவ்ளோ பாசம் பாருன்னு தெருவே சொல்லிச்சு. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. சரியான முட்டாப்பய நான்.

நான் வேல செய்யறது தின்னர், பெயின்ட் டிரம் அடுக்கி வெச்சிருக்கற குடோன்ல. பொறி பட்டாலே பத்திக்கும்னு கேட்லயே தீப்பெட்டிய வாங்கி வெச்சுக்குவாங்க. ஷிப்ட் முடியற வரைக்கும் ஒரு இழுப்பு கெடையாது. ஊட்டுக்கு வர்றப்போ வெறி புடிச்ச மாதிரி இருக்கும். தெருவுல நின்னு பத்த வைக்க முடியுமா? எதிர்ல மாமனார் உக்காந்துக்கினு இருப்பாரு. இத்தினி வருஷத்துல அவரு முன்னாடி ஒரு தடவ நான் சிகரெட்ட வெளிய எடுத்ததில்ல. மரியாதயாம்! அதனால உள்ள வந்து, கதவச் சாத்திக்கினு, ஒண்ணு முடிய முடிய அதுலயே இன்னொண்ணு பத்த வெச்சு இழுப்பேன். ஷீட் அடிச்ச பொறவு பொகை எங்க போவும்? ஃபேன் கூடவே அதுவும் சுத்தும். அவ பக்கத்துல உக்காந்து கீரை ஆய்ஞ்சுக்கினு இருப்பா, கண்ணுல தண்ணி ஊத்தும். "பாரு, எவ்ளோ அடைச்சும் கம்பெனிப் பொகை எப்படி வருது"ன்னு சொல்லுவேன். வாயில சிகரெட்ட வெச்சுக்கினே சொல்லுவேன்.

கடைசில பொன்னேரில ஒரு கண் டாக்டரம்மாகிட்ட கூட்டிக்கினு போனேன். கண்ணுல மஞ்சளா ஏதோ மருந்து வெச்சு, நீல லைட்டுல பாத்தாங்க. கண்ணுல ஈரம் நிக்கல, கருவிழி மேல பொடிப்பொடியாப் புண்ணு இருக்குதுன்னாங்க. அப்பறம் என்னத் திரும்பிப் பாத்தாங்க. என் சட்ட நாத்தம் அவங்களுக்கு எட்டியிருக்கும்.

"வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?"

நான் வாயத் தெறக்கறதுக்குள்ள அவ முந்திக்கினா. "அவரு வெளியதாங்க மேடம். ஊட்டுக்குள்ள தொடவே மாட்டாரு."

"அப்போ வெளித் தூசியாதான் இருக்கணும். ஜன்னல மூடியே வைங்க."

டாக்டர் மருந்து எழுத ஆரம்பிச்சாங்க. என் மானம் போவக்கூடாதுன்னு அவ தன் கண்ணப் பணயம் வெக்கறா, நான் கல்லு மாதிரி உக்காந்துக்கினு இருக்கேன். இன்னும் கொஞ்சம் பேசாம இருந்தா, நான் அடைச்சு வெச்ச அந்தப் பொகை ஊட்டுலயே அவ கெடந்து வேகணும். "மேடம், நான் உள்ளதான் பிடிக்கறேன்"னு சொல்லிட்டேன்.

டாக்டர் பேனாவக் கீழ வெச்சாங்க. திட்டல. சிகரெட் பொகை பக்கத்துல இருக்கறவங்க கண்ணையும் காய வெக்கும், புண்ணு ஆற விடாதுன்னாங்க. பிடிக்கறவங்களுக்குக் கண்புரை சீக்கிரமே வரலாம், விழித்திரை நடுவுல பழுதாயி எதிர்ல இருக்கற மூஞ்சிகூடத் தெரியாமப் போவலாம்னாங்க. வெளித் தூசியும் கெடுக்கும்தான், ஆனா மொதல்ல உள்ள இருக்கறத நிறுத்துங்கன்னாங்க. என் கண்ணப் பத்தி அவங்க சொன்னது எனக்கு ஒறைக்கவே இல்ல. அவ தலையக் குனிஞ்சு முந்தானைய முறுக்கிக்கினு இருந்ததத்தான் பாத்துக்கினு இருந்தேன்.

பஸ் ஸ்டாண்டு வந்ததும் வெடிச்சா. "யோவ், உன்ன யாரு சொல்லச் சொன்னா? அந்தம்மா உன்ன இன்னான்னு நெனச்சிருக்கும்?" திட்டறப்போகூட அவளுக்கு என் மானம்தான் பெருசா இருந்துச்சு. அவ கண்ணப் பத்தி ஒரு வார்த்த பேசல.

ஷீட்ட அன்னிக்கே பிச்சுப் போட்டேன். ஆனா சிகரெட்ட வுட்டுட்டேன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். உள்ள பிடிக்கறதில்ல, அவ்ளோதான். ரயில்வே கேட்டாண்ட டீக்கடைல நின்னு முடிச்சுட்டு வரேன். அவளுக்குச் செக்கிங் டேபிள் போயிடுச்சு. இப்போ பேக்கிங், சட்டைய மடிச்சுக் கவர்ல போடற வேல. "கண்ணுக்கு ரெஸ்ட்டுதான், வுடு"ன்னு சிரிக்கறா. அவ அப்படிச் சிரிச்சா எனக்குச் சோறு எறங்கறதில்ல.

முந்தாநாள் சாயந்தரம் நான் வர்றப்போ, அவ சொட்டு மருந்து ஊத்திக்கினு, கண்ண மூடி, செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. தொந்தரவு பண்ண வேணாம்னு செருப்ப சத்தமில்லாமக் கழட்டிட்டு உள்ள கால் வெச்சேன். அவ கண்ணத் தெறக்கல.

"வந்துட்டியா?"ன்னா. "இப்ப கிட்ட வராதய்யா. உன் சட்டைல இன்னும் பொகை கீது. கொஞ்ச நேரம் காத்துல நின்னுட்டு வா. எரியுது."

அவ கொரல்ல கோவமே இல்ல. வெச்ச கால எடுத்துட்டு, வெளிய போயி நின்னேன்.